வலிப்பு வரட்டும் என்று ஜெபித்த வாரம்

என் மனைவி மார்த்தாளின் தலைக்குள் இருபது வருஷமாய் மூண்டு மூண்டு எரிந்த நெருப்பை, நூலளவு வேறொரு நெருப்பை அனுப்பி அணைத்த ஆண்டவருக்கு நன்றி. இதைச் சபையில் எழுந்து நின்று வாயால் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது அழுகை வந்து பாதியை விழுங்கிவிட்டது. விழுங்கிய பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சுண்ணாம்புக்குளம் பக்கத்துக்காரர்கள். எங்கள் சனத்துக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. கைதான் வலை. எங்கள் பெண்கள் ஏரியில் வரிசையாக இறங்கி, கழுத்தளவு தண்ணீர் வரும்படி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்வார்கள். பறி என்கிற ஓலைக்கூடையின் கயிறு பல்லில் இருக்கும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். விரலில் இறால் துடிக்கும், பறிக்குள் போகும், கை மறுபடி சேற்றுக்குள் போகும். அவர்கள் பிடிப்பதை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் வரை ஓடுவது என் வேலை. ஓரிடத்தில் கால் தரிக்காத சுபாவம் எனக்கு. அதற்கேற்ற பிழைப்பைக் கர்த்தர் கொடுத்தார்.

மார்த்தாளுக்கு வலிப்பு இருப்பது கல்யாணமான மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கண் என்னைப் பார்த்தது, ஆனால் அதற்குள் அவள் இல்லை. வாய் வெறுமனே மென்றது. இடது கை முறுக்கிக்கொண்டது. பிறகு சாய்ந்தாள். அரை மணி நேரம் கழித்துத் தெளிந்து, ஈரத்தலையோடு என்னையே பார்த்தாள்.

“உனுக்குச் சொல்லலியா?”

“இல்ல.”

“எங்க நைனா சொல்றேன்னுதான் சொல்லிச்சு. இப்ப இன்னா பண்ணப் போற?”

நான் மிச்ச அரிசியைக் களைந்தேன். என்னிடமிருந்த பதில் அவ்வளவுதான்.

அது வருவதற்கு முன்னால் அவளுக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுமாம். நனைந்த சாம்பல் வாசனை வருமாம். வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. தண்ணீரில் இருக்கும்போது வந்தால் வாய் மெல்லத் தொடங்கும், பல்லிலிருந்து பறி நழுவும், மிதக்கும். அதுதான் மற்றப் பெண்களுக்கு அடையாளம். உடனே ரெபேக்கா அக்கா, வரிசையில் மூத்தவர், மார்த்தாளின் தாடையைத் தூக்கிப் பிடிப்பார். மற்றவர்கள் எழுந்து வட்டமாக நின்று, ஈரச் சேலையை விரித்துத் திரை கட்டுவார்கள். கரையில் நிற்கிறவர்கள் பார்க்கக்கூடாது. பார்த்தால் கதை கட்டுவார்கள். எங்கள் பெண்கள் அப்படித்தான் ஒருத்தியின் மானத்தை இருபது வருஷம் காப்பாற்றினார்கள். வீட்டில் வந்தால் நான் கதவைத் தாழிட்டு, துண்டை எடுத்து அவள் முகத்தை மூடி, அவள் மேல் கவிழ்ந்துகொள்வேன். அதை அன்பு என்றே நம்பியிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், மார்கழியில், மழை விட்ட மூன்றாம் நாள். ஏரியில் இறால் அள்ளிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் ஆசை. வரிசை அகன்றுபோனது. தலைகள் குனிந்திருந்தன. பறி நழுவியதை யாரும் பார்க்கவில்லை.

இறாலுக்காகச் சேற்றைத் தடவிக்கொண்டு வந்த ரெபேக்கா அக்காவின் கையில் மயிர் தட்டுப்பட்டது.

நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது மார்த்தாளைக் கரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கிலும் வாயிலும் சேற்று நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மூச்சு இருந்தது. ரெபேக்கா அக்கா தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலு நாள் அந்தக் கையை அவர் சேற்றில் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார்.

“இனிமே அவளை அனுப்பாதப்பா. தண்ணிக்குள்ள எங்க கை எறாலத் தேடுமா, அவளத் தேடுமா?”

சொல்லிவிட்டு அழுதார். சரியான பேச்சுதான். ஆனால் அன்றோடு மார்த்தாள் செத்தவள்போல் ஆனாள். எட்டு வயதிலிருந்து ஏரியில் இருந்தவள். வீட்டுக்குள் உட்கார்ந்த இடத்தில் சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டிருப்பாள். “இன்னா தேடுற?” என்றால், “ஒண்ணுமில்ல, கை சும்மா கீது” என்பாள். நான் ஜெபவீட்டுக்குப் போனேன். வாய் பாடியது, உள்ளே ஒருவன் கைகட்டி நின்று முறைத்துக்கொண்டிருந்தான். ஆண்டவரே, எத்தனை வருஷம் கேட்பது? உமக்குக் கேட்கவில்லையா? இல்லை, இதுதான் பதிலா?

பொன்னேரியில் மாத்திரை எழுதித் தரும் டாக்டர்தான் வழி காட்டினார். மூன்று வகை மாத்திரை மாற்றிப் பார்த்தாயிற்று, இது மாத்திரைக்கு அடங்குகிற ஜாதி இல்லை, சென்னைக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். செலவுக்கு வழி திறந்ததும் தனியாக ஒரு சாட்சிதான். இங்கே சொல்ல வந்தது அதை அல்ல.

சென்னையில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் வயதிருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் வலது பக்கம், காதுக்கு உள்ளே ஆழத்தில், சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இடம் சுருங்கித் தழும்பாகியிருந்தது. அங்கிருந்து பொறி கிளம்பலாம். ஆனால் இடது பக்கமும் லேசாக ஒரு சந்தேகம்.

“தலையைத் திறக்காம செய்யற முறை ஒண்ணு இருக்கு. பின்மண்டையில சின்னதா ஒரு துளை. நூல் மாதிரி ஒரு லேசர் உள்ளே போகும். அந்த இடத்தை மட்டும் சூடாக்கி அணைச்சிடும். எந்த வழியா போகணும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும்” என்றார். “ஆனா வலிப்பு எங்கிருந்து கிளம்புதுன்னு முதல்ல நிச்சயமாத் தெரியணும். ஒரு வாரம் வார்டுல வெச்சு, மாத்திரையைக் குறைச்சு, வலிப்பு வரும்போது பதிவு பண்ணணும்.”

ஊருக்கு வந்து பாஸ்டர் ஐயாவிடம், “ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் சேர்க்கிறோம், ஜெபியுங்கள்” என்று மட்டும் சொன்னேன். வலிப்பைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரெபேக்கா அக்கா அன்றைக்கே ஜெபவீட்டுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, சங்கிலி ஜெபத்துக்குப் பெயர் எழுதிவிட்டார். ஏழு நாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. ஒரு மணிக்கு ஒருவர்.

திங்கட்கிழமை சேர்ந்தோம். மார்த்தாளின் தலை முழுக்க ஒயர்களை ஒட்டித் துணியால் முண்டாசு கட்டினார்கள். கட்டிலுக்கு எதிரே சுவரில் கேமரா. என் கையில் ஒரு பட்டன். “அவங்களுக்கு ஆரம்பிச்சதும் இதை அழுத்திட்டு தள்ளி நின்னுடுங்க. கேமராவை மறைக்காதீங்க” என்றாள் நர்ஸ். தலையை ஆட்டினேன்.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. வியாழனும் இல்லை. மாத்திரை நிறுத்தினால் ஊரில் ஒரே நாளில் மூன்று வரும். இங்கே ஒன்றுகூட இல்லை. மார்த்தாள் முண்டாசோடு சாய்ந்து உட்கார்ந்து, “இங்க ஃபேன் கீது, வேளாவேளைக்கு சோறு கீது. வலிப்பு இன்னாத்துக்கு வரும்?” என்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“நாளைக்குத் தூக்கத்தையும் குறைச்சுப் பார்ப்போம். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் இந்தப் பெட்டு. அடுத்தவங்க காத்திருக்காங்க. வரலைன்னா மறுபடி இடம் கிடைக்க மாசக்கணக்கா ஆகும். போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொன்னாத்தான் கம்ப்யூட்டர் வழி போடும். இடமே தெரியாம எங்கே வழி போடறது?”

அன்று மத்தியானம் ரெபேக்கா அக்கா ஜெபவீட்டிலிருந்து போன் செய்தார்.

“இன்னாப்பா, ஒண்ணும் வர்லியே?”

“வர்லக்கா.”

“ஸ்தோத்திரம்! சொன்னனா இல்லியா? நாலு நாளா ஒரு மணிநேரங்கூட உடல. என் முட்டி ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு.”

எனக்குப் பொறி தட்டியது.

“அக்கா, இன்னான்னு ஜெபம் பண்றீங்க?”

“இது ஒரு கேள்வியா? வலிப்பு வரக்கூடாதுன்னுதான். வேற இன்னான்னு பண்ணுவாங்க?”

போனைக் கையால் பொத்திக்கொண்டு மார்த்தாளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த ஒயரெல்லாம் ஆடின. அடுத்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், வலிப்புதான் வந்துவிட்டது என்று ஓடிவந்தாள்.

“யோவ், அங்க அவங்க அடைக்கிறாங்க. இங்க இவங்க தொறக்கறாங்க. நடுவுல நான் கெடக்கறேன். சொல்லித் தொலைய மாட்டியா நீ?”

சொன்னேன். நாலு நாள் தாமதமாய், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா போனைப் பக்கத்தில் யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாஸ்டர் ஐயாவின் குரல் வந்தது.

“வியாதி வரட்டும்னு எப்படித் தம்பி கேக்கறது? ஊழியத்துக்கு வந்து இத்தினி வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை என் வாயில வந்ததே இல்லியே.”

நல்ல மனிதர். அவருடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. எனக்கே பயமாக இருந்தது. ஆரோக்கியம் கொடும் என்று கேட்டு வளர்ந்த வாய். அதே வாயால் வலிப்பைக் கொடும் என்று கேட்டால், கொடுத்துவிட்டு நிறுத்தாமல் போய்விட்டால்? வார்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் காற்றில்லாமல் நின்றது. நானும் அப்படி நின்றேன்.

ரெபேக்கா அக்காதான் முடிச்சை அவிழ்த்தார். பக்கத்தில் நின்று அவர் பேசுவது போனில் கேட்டது.

“ஐயா, எறாலு சேத்துல பொதைஞ்சு கெடந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? காலால கலக்குவோம். கலக்கினாத்தான் நவுரும். நவுந்தாத்தான் கையில ஆப்டும். இது இருவது வருஷமா அவ தலையில பொதைஞ்சு கெடக்குது. கர்த்தர் ஒருவாட்டி கலக்கட்டுமே. புடிக்கத்தான் டாக்டருங்க கைய வெச்சுகினு குந்தினுகீறாங்களே.”

பாஸ்டர் ஐயா “கலக்கட்டும்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “மறைஞ்சிருக்கிறதை வெளியே கொண்டுவாரும்னு கேக்கலாம். அது நியாயமான விண்ணப்பம்” என்றார். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சங்கிலி அந்தத் திசையில் ஓடியது. மார்த்தாளும் கட்டிலில் இருந்தபடியே கேட்டாள். நானும் கேட்டேன். எங்கள் சபையின் வரலாற்றில் ஒருத்திக்கு வலிப்பு வரவேண்டும் என்று கண்ணீரோடு கேட்ட ஒரே வெள்ளிக்கிழமை அதுதான்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. மார்த்தாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சுளையைப் பிரித்த விரல் நின்றது. “சாம்பல்” என்றாள்.

தூக்கத்தைக் குறைத்ததால் வந்தது என்று நீங்கள் சொல்லலாம். நான் மறுக்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் நன்றி சொல்கிறேன், ஆண்டவருக்கும் சொல்கிறேன். இரண்டு நன்றிக்கும் என் நெஞ்சில் இடம் இருக்கிறது.

ஆனால் நான் செய்ததைக் கேளுங்கள். பட்டனை அழுத்தினேன். அதுவரை சரி. பிறகு என் கை என்னைக் கேட்காமலே தோளிலிருந்த துண்டை உருவியது. அவள் முகத்தை மூடினேன். மேலே கவிழ்ந்தேன். “சார், தள்ளுங்க! சார்!” என்று நர்ஸ் கத்தியது ஏரிக்கு அக்கரையில் யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. இரண்டு நிமிஷம். முடிந்துவிட்டது.

டாக்டரம்மா பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஒயர்ல வந்தது கிடைச்சிருக்கு. ஆனா முகத்துல, கையில எது முதல்ல ஆரம்பிச்சதுன்னு பார்க்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் சந்தேகம் தீரும். வீடியோவுல உங்க முதுகு மட்டும்தான் தெரியுது.”

என் முதுகு.

ஊரே முட்டி தேய ஜெபித்து வரவழைத்ததை நான் முதுகால் மறைத்துவிட்டேன். மார்த்தாள் தெளிந்ததும் நானே சொன்னேன். அவள் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு கேட்டாள்.

“ஏன் மூடின?”

“உனக்கு அசிங்கமா இருக்கும்னுதான்.”

“எனக்கா, உனுக்கா?”

வராந்தாவுக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவரே, மறைந்திருப்பதை வெளியே கொண்டுவாரும் என்று கேட்டோம். நீர் முதலில் என்னை வெளியே கொண்டுவந்தீர். இருபது வருஷம் நான் மூடியது அவள் முகத்தை அல்ல. வலிப்புக்காரியின் புருஷன் என்கிற என் முகத்தைத்தான். மன்னியும். இன்னும் ஒரே தடவை தாரும். விலகி நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். ஊரில் ஆராதனை நடக்கும் நேரம். மார்த்தாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை பாதி வழியில் நின்றது. பட்டனை அழுத்தினேன். துண்டைக் கீழே போட்டேன். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. முதுகு சுவரில் பட்டது. அங்கே நின்று, முதல் முறையாக, என் மனைவியின் வலிப்பை முழுசாகப் பார்த்தேன். வாய் மென்றது. வலது கை போர்வையைத் தடவியது, சேற்றில் தேடுவதுபோலவே. இடது கை மெல்ல முறுக்கிக்கொண்டது. பிறகு உடம்பு முழுவதும் அலை. பயங்கரம்தான். ஆனால் அசிங்கம் எங்கே என்று தேடினேன். அங்கே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொன்று. அதற்கும் சுவரோடு நின்றேன்.

டாக்டரம்மா விடுமுறையிலும் வந்து பார்த்தார். மூன்றும் ஒரே இடம். வலது பக்கத் தழும்பு. இடது பக்கச் சந்தேகம் தீர்ந்தது. நான் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மார்த்தாள் மட்டும் வேறொன்று கேட்டாள்.

“நான் அத்தப் பாக்கணும்மா. எனக்கு இன்னா ஆவுதுன்னு எல்லாரும் பாத்துட்டாங்க. நான்தான் பாத்ததில்ல.”

டாக்டரம்மா யோசித்தார். பிறகு அவளை உட்கார வைத்துக் காட்டினார். மார்த்தாள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் நீளமாய் மூச்சு விட்டாள்.

“இவ்ளோதானா?”

திரையை விரலால் தொட்டாள்.

“பாவம்யா அந்தப் பொம்பள. இதுக்கா இருவது வருஷமா துண்டு போட்டு மூடின?”

அழுதுகொண்டே சிரித்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு வழி போட்டார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டர் எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து அதைக் காட்டினார். திரையில் மார்த்தாளின் மூளை, சாம்பல் நிறத்தில் ஒரு நிலமாய், மேடும் மடுவுமாய் மெதுவாகச் சுழன்றது. அதன் மேல் ரத்தக்குழாய்கள் சிவப்பில் பிரிந்து பிரிந்து ஓடின. நடுவில் நீர் தேங்கிய அறைகள் நீலத்தில் இருந்தன. ஆழத்தில் அந்தத் தழும்பு, மஞ்சள் நிறத்தில், தூங்குகிறதுபோல. பின்மண்டையிலிருந்து தழும்பு வரை கம்ப்யூட்டர் கோடுகளைப் போட்டது. கோடு மேல் கோடு, எண்ண முடியாத அளவு. பிறகு ரத்தக்குழாயை உரசுகிறவை மறைந்தன. நீரறைக்குள் நுழைகிறவை மறைந்தன. தழும்பின் நுனியை மட்டும் தொட்டு நிற்கிறவையும் மறைந்தன. மிஞ்சியது மூன்றே மூன்று. நான் மூச்சு விடாமல் பார்த்தேன். இத்தனை வருஷம் எல்லாத் தெருவிலும் மொபெட் ஓட்டியவன். இப்படி ஒரு பயணத்தைப் பார்த்ததில்லை.

முதலாவது கோட்டை டாக்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “கம்ப்யூட்டர் இதைத்தான் முதல்ல சொல்லுது. ஆனா பாருங்க, இங்கே ஒரு சின்னக் குழாய் வளைஞ்சு வருது. எனக்கு மனசில்ல. ரெண்டாவதுல போறேன்.”

“அப்ப கம்ப்யூட்டரு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களா?” என்றாள் மார்த்தாள்.

“கேப்பேம்மா. ஆயிரம் வழியை நான் ஒருத்தன் உக்காந்து பார்க்க முடியாது, அது பார்க்குது. முடிவை அதுகிட்ட விட முடியாது, அதை நான் எடுக்கறேன்.”

“உள்ள போற வழி சரி. வெளிய வர்ற வழி?”

“போன வழியாத்தான் வரும்.”

“அப்ப சரி. தெரிஞ்ச வழியா திரும்புனா பயமில்ல.”

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: அந்தச் சிவப்புக் கொடிகளை அவள் தாயின் வயிற்றில் வரைந்தவர் ஒருவர். அதைப் படிக்கும் அறிவை மனுஷனுக்குக் கொடுத்தவரும் அவரே. இந்த டாக்டரின் “மனசில்ல” என்ற சொல்லிலும் அவர் இருந்தார் என்று நம்புகிறேன்.

ஆபரேஷன் அன்று அவளை மயக்கத்தில் ஸ்கேன் மெஷினுக்குள் கொண்டுபோனார்கள். லேசர் சுடும்போது சூடு எதுவரை பரவுகிறது என்று திரையில் நிறம் நிறமாகத் தெரியுமாம். தாண்டக்கூடாத இடத்தில் முன்பே எல்லை குறித்து வைத்திருந்தார்கள். சூடு அதை நெருங்கினால் லேசர் தானாகவே நின்றுவிடும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதே அதிசயம். அந்த நாலு மணி நேரமும் நான் எழுந்து நடக்கவில்லை. ஊரில் சங்கிலி ஓடுகிறது என்று தெரியும். இம்முறை ரெபேக்கா அக்கா முந்தின நாளே போன் செய்து, “வரணுமா, போவணுமா? தெளிவா சொல்லிடு” என்று கேட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பின்மண்டையில் ஒரே ஒரு தையல். சில வாரம் தலைவலி இருந்தது. சில பெயர்கள் நாக்கில் வர மறுத்தன. பாஸ்டர் ஐயாவின் பெயரை மறந்து, “அந்த நெட்டையா இருப்பாரே, அவரு” என்று அவரிடமே சொன்னாள். பிறகு எல்லாம் திரும்பி வந்தது. வலிப்பு திரும்பவில்லை. பதினாலு மாதம் ஆகிறது. இனி எப்போதும் வராது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுக்கவில்லை. சிலருக்குத் திரும்ப வருவதுண்டு என்றே சொல்லியிருக்கிறார். மாத்திரையும் தொடர்கிறது. நான் நன்றி சொல்வது நாளைக்காக அல்ல, கையில் வந்து சேர்ந்த இந்தப் பதினாலு மாதத்துக்காக.

வருஷம் முடிந்த பின், தனியாக இறங்கக்கூடாது என்ற கண்டிப்போடு, டாக்டரம்மா தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். முதல் நாள் ரெபேக்கா அக்காவே வந்து அழைத்துப்போனார். “என் பக்கத்துலயே குந்து. ரெண்டு வருஷமா ஓசிச் சோறு துன்னல்ல, ரெண்டு கூடை புடிச்சுக் குடு” என்று திட்டிக்கொண்டே போனார். மத்தியானம் மார்த்தாள் கரையேறியபோது விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த விரல்களை என் கன்னத்தில் வைத்தாள். சேற்று வாசனை. நான் வாழ்நாளில் முகர்ந்ததிலேயே நல்ல வாசனை அது.

போன மாதம் சபையில் அவளே சாட்சி சொன்னாள். என்னைப்போல் நீட்டவில்லை. “எனக்கு வலிப்பு. ஆபரேஷன் ஆச்சு. மாத்திர சாப்புடறேன். ஏரிக்குப் போறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில், பசியாவரத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், படகுக்காரர், அவள் பக்கத்தில் வந்து குனிந்து கிசுகிசுத்தார்.

மார்த்தாள் காதை நீட்டினாள். “கேக்கலண்ணே. சத்தமா சொல்லுங்க.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மறுபடி கிசுகிசுத்தார்.

“அட, இங்க அல்லாரும் என் தலைக்குள்ளயே போய்ப் பாத்தவங்கண்ணே. சத்தமா சொல்லுங்க.”

அந்த மனிதர் நிமிர்ந்தார். “எனக்கும் வலிப்பு இருக்குது” என்றார். ஜெபவீடு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, தூக்கி வந்த மூட்டையை இறக்கினவர்போல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரும் திரை கட்டவில்லை. ரெபேக்கா அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வருகிற புதன்கிழமை நானும் மார்த்தாளும் அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போகிறோம்.

இதைப் படிக்கிற சகோதரரே, சகோதரியே, உங்கள் வீட்டில் ஒரு கதவு தாழிட்டிருக்கிறதா? வலிப்போ, வேறு எதுவோ, ஒரு துண்டுக்குக் கீழே மூடி வைத்திருக்கிறீர்களா? டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை விடாதீர்கள். சபையில் வாய்திறந்து சொல்லுங்கள், என்னைப்போல் பாதியை விழுங்காமல் சொல்லுங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். நாம் வேண்டாம் என்று கேட்பதை அவர் வரவிடுகிற நாளும் உண்டு. அன்றைக்குப் பயப்படாமல் மூன்று அடி விலகி நில்லுங்கள். அவர் பார்க்கட்டும்.